மட்சுமோத்தோவுக்குப் போன கித்தார் கழுத்து

டோக்கியோவில் ஓச்சானோமிஸு என்றொரு பகுதி இருக்கிறது. ‘தேநீருக்கான நீர்’ என்பது அந்தப் பெயரின் பொருள். ஒரு காலத்தில் இங்கிருந்த ஊற்று நீரை ஷோகுனின் தேநீருக்குக் கொண்டு போனார்களாம். இன்று அங்கே தேநீரைவிடக் கித்தார்தான் அதிகம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கும் சரிவான சாலையில் இறங்கினால் இரு பக்கமும் இசைக்கருவிக் கடைகள். நம் மஸ்ஜித் இந்தியாவில் தீபாவளி நேரத்துப் புடவைக் கடைகள் எப்படியோ அப்படி. நடைபாதை வரைக்கும் கித்தார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதே சரிவின் அடியில் ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகள். பழையதைத் தேடி வருபவருக்கு ஒரு முழு நாளும் இங்கேயே போய்விடும்.

எனக்குப் போனது ஒன்றரை நாள்.

தரைத்தளத்தில் புதிய கித்தார்கள். பழையவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் குறுகலான மாடிப்படியேறி மூன்றாவது, நான்காவது மாடிக்குப் போக வேண்டும். அங்கே ‘பிஸார் கித்தார்’ என்று ஓர் இனம் உண்டு. விசித்திரமானவை என்று பொருள். 1960களில் ஜப்பானில் செய்யப்பட்ட மின்கித்தார்களுக்கு ஜப்பானியர்களே செல்லமாக வைத்திருக்கும் பெயர் அது. உண்மையிலேயே விசித்திரம்தான். நான்கு பிக்அப்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை, வானொலிப் பெட்டியில் இருப்பதுபோன்ற வரிசையான பொத்தான்கள், உடலில் கைவிட்டுத் தூக்க ஓர் ஓட்டை. அமெரிக்க ஃபெண்டரைப் பார்த்துத்தான் ஆரம்பித்திருப்பார்கள். பாதி வழியில் ‘நாம் ஏன் அதையே செய்ய வேண்டும்’ என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

என்னைக் கவர்ந்தது கித்தார்களைவிட அவற்றில் தொங்கிய விலைச் சீட்டுகள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘முறுக்காணிகள் மாற்றப்பட்டவை. மெட்டுகள் புதிதாகப் பதிக்கப்பட்டவை. ஒலிக் குமிழ் ஒன்று அசல் அல்ல.’ எது பழையது, எது பிற்பாடு வந்தது என்று ஒளிக்காமல் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்மூரில் பழைய கார் வாங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் அங்கே கித்தார் வாங்கப் போகவில்லை. என் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே ஒரு கித்தாரின் கழுத்தும் இரண்டு பிக்அப்களும் இருந்தன. உடல் ஈப்போவில், பெரியப்பா வீட்டு அலமாரியின் மேல் இருந்தது.

பெரியப்பாவுக்கு இப்போது 75 வயது. 1969இல், தமக்கு 19 வயதானபோது, ஒரு மலாய் இசைக்குழு நண்பரிடமிருந்து அந்த டீஸ்கோ கித்தாரைத் தவணைக்கு வாங்கினார். அந்தத் தலைமுறையின் கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனார்கள். பிறகு பீட்டில்ஸ் காய்ச்சல். ‘பாப் யே யே’ என்று மலாயில் ஓர் இசை வகையே பிறந்தது. கித்தார்க் குழுக்களுக்கு ‘குகிரான்’ என்று பெயர். கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்பதன் சுருக்கம். தமிழ்ப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் ஆலிகேட்ஸாக உருவெடுத்ததை நாடே அறியும். பெயர் வெளியே வராத எத்தனையோ பேர் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் வாசித்தார்கள். பெரியப்பா அந்த இரண்டாவது வகை.

ஃபெண்டரும் கிப்சனும் அன்றைய தோட்டத்துச் சம்பளத்தில் கனவு. ஜப்பான் கித்தார் எட்டக்கூடிய கனவு. அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் அதைத் தரமான பொருள் என்று நினைத்து வாங்கவில்லை.

அந்தக் கித்தாரை ஏன் இப்போது சரிசெய்ய வேண்டும்? பெரியப்பாவுக்கு இருபது வருட நீரிழிவு. இடது கை விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. போன வருடம் ஒருநாள் கித்தாரை இறக்கி மடியில் வைத்தார். கழுத்து வில்லாக வளைந்து, பன்னிரண்டாவது மெட்டின் மேல் தந்தி ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. நல்ல கித்தாரில் அது இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இளங்கைகளே அழுத்தத் திணறும் உயரம் அது. அவர் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேலே வைத்துவிட்டார். புதுக் கித்தார் வாங்கித் தருகிறேன் என்றேன். “அது யாரு கித்தாரும்மா?” என்றார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் கேட்ட கடையொன்றில், “இதைச் சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்” என்றார்கள். இன்னொருவர், கழுத்தையும் பிக்அப்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை மாட்டலாம் என்றார். அப்படிச் செய்தால் மிஞ்சுவது ஒரு பலகை. மின்கித்தாரின் குரல் பிக்அப்பில் இருக்கிறது. கையின் நினைவு கழுத்தில் இருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டு அதே கித்தார் என்று அவரிடம் எப்படிக் கொடுப்பது?

அதனால்தான் மட்சுமோத்தோ.

ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து ‘அஸுசா’ விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். நகரக் கட்டடங்கள் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் வருகின்றன, பிறகு மலைகள், பிறகு இன்னும் உயரமான மலைகள். இறங்கியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், ‘மட்சுமோத்தோ...’ என்று கடைசி எழுத்தைத் தாலாட்டுப்போல் இழுத்து அறிவிக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பிழைப்பவள் நான். ஓர் ஊர்ப் பெயரை இவ்வளவு ஆசையாகச் சொல்ல முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த ரயில் வரும்வரை நின்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சுற்றுலாப் பயணிகள் இங்கே வருவது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கருநிறக் கோட்டைக்காக. நானும் ஏறினேன். படிகள் ஏணிபோல் செங்குத்து. சேலை கட்டிக்கொண்டு ஏற நினைப்பவர்கள் மறுபடி யோசிக்கவும். மேலிருந்து பார்த்தால் ஊரைச் சுற்றி மலைச்சுவர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்தில், கிண்ணத்துக்குள் இருப்பதுபோன்ற சமவெளி. காற்று வறண்டது. மரம் நன்றாகக் காயும். கோட்டை நகரமாக இருந்த நாளிலிருந்தே தச்சர்கள் இருந்த ஊர். மரச் சாமான்களுக்கு இன்றும் பெயர் போனது.

அந்தத் தச்சு வேலையிலிருந்துதான் கித்தார் வந்தது. மட்சுமோக்கு என்றொரு தொழிற்சாலை 1951இல் இங்கே மரவேலைப் பட்டறையாகத் தொடங்கியது. அது செய்த முக்கியப் பொருள்களில் ஒன்று சிங்கர் தையல் இயந்திரத்துக்கான மரப் பெட்டி. நம் பாட்டிகள் வீட்டில் இருந்ததே, மூடி திறந்தால் இயந்திரம் மேலே எழும் மேசை, அந்த வகை. மெல்லிய பலகையை வளைப்பது, ஒட்டுவது, பளபளவென்று பூச்சு ஏற்றுவது எல்லாம் கைவந்த கலை. மின்கித்தாருக்கு உலகெங்கும் கேட்பு வந்தபோது அதே கைகள் கித்தார் செய்யத் திரும்பின. அரியா, எபிஃபோன் போன்ற பெயர்களில் அவை கப்பலேறின. 1960இல் தொடங்கிய ஃபுஜிகென் என்ற இன்னொரு நிறுவனமும் இதே ஊர். தொடங்கியவர்களில் ஒருவரான யொக்கொவுச்சி விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். கிரேக்கோ, ஐபனெஸ் என்ற பெயர்களில் வந்த பல கித்தார்கள் இங்கே பிறந்தவை. 1982இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் கித்தார் செய்ய முடிவெடுத்தபோது ஃபுஜிகென்னிடம்தான் வந்தது. நகலெடுத்தவரிடமே அசல்காரர் வந்து வேலை கொடுத்தார் என்றால், நகலின் தரம் என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு வழக்கும் உண்டு. கிப்சனின் தாய் நிறுவனம் 1977இல், ஐபனெஸின் அமெரிக்க விநியோகிப்பாளர் மீது கித்தாரின் தலைப்பகுதி வடிவத்துக்காக வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே சமரசமானது. அந்த ஒரு வழக்கை வைத்து எழுபதுகளின் ஜப்பானியக் கித்தார் எல்லாவற்றுக்கும் ‘லாசூட்’ என்று அடைமொழி கொடுத்து விலையை ஏற்றி விற்கிறார்கள். நம்பி ஏமாறாதீர்கள்.

பெரியப்பாவின் டீஸ்கோ இந்த ஊரில் பிறந்ததல்ல. டீஸ்கோ 1946இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். 1965 ஜனவரியில் அமெரிக்காவின் வெஞ்சர்ஸ் குழு ஜப்பானைச் சுற்றி வந்ததும் நாடு முழுக்க ‘எலெக்கி’ மோகம் பற்றிக்கொண்டது. எலெக்கி என்றால் மின்கித்தார். பிள்ளைகள் படிப்பை விட்டுக் கித்தாரோடு திரிகிறார்கள் என்று பெற்றோர்கள் பதற, அதே ஆண்டு அஷிகாகா என்ற நகரின் கல்வி வாரியம் மாணவர்கள் மின்கித்தார் வாங்கக் கூடாது என்று தடையே போட்டது. தொழிற்சாலைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் அலை வந்த வேகத்தில் வடிந்தது. 1967இல் டீஸ்கோ, கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரியப்பா தம் கித்தாரை வாங்கியபோது அதைச் செய்த நிறுவனம் தனியாக இருக்கவில்லை. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் சொன்னபோது, “அதனாலதான் மலிவா கொடுத்தானா” என்றார்.

மட்சுமோத்தோவில் எனக்கு வேண்டியது கித்தார் பிறந்த இடமல்ல, கித்தார் செய்த கை. ஒரு பழுதுபார்ப்பவரை முன்கூட்டியே மின்னஞ்சலில் பிடித்திருந்தேன். அறுபதைக் கடந்தவர். இளவயதில் இந்த ஊர்த் தொழிற்சாலையொன்றில் கழுத்துகளைத் தேய்த்துப் பழகியவர். ஆற்றை ஒட்டிய சந்தில், இரண்டு கார்கள் நிற்கும் அளவு பட்டறை. மரத்தூள் வாசனை, ஈயம் பற்றவைக்கும் வாசனை, மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அவருக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை, எனக்கு ஜப்பானியம் மூன்று. மீதியைக் கைபேசி பார்த்துக்கொண்டது.

கழுத்தை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இந்தக் காலத்துக் கித்தாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். திருகினால் வளைவு சரியாகும். அன்றைய மலிவுக் கித்தார்கள் பலவற்றில் இப்படித் திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது. இதிலும் இல்லை. ஐம்பது வருடம் தந்தி இழுத்த இழுப்புக்கும் ஈப்போவின் ஈரப்பதத்துக்கும் மரம் பணிந்துவிட்டது. வழி ஒன்றுதான்: சூடாக்கி, எதிர்ப்பக்கமாக வளைத்து இறுக்கி, ஆறவிட வேண்டும். அதற்கென்று நீளமான இஸ்திரிப் பெட்டி போன்ற ஒரு கருவி வைத்திருக்கிறார். இரண்டு இரவு வேண்டும் என்றார். கூடவே, “சில வருடங்களில் மரம் பழைய வளைவை நினைத்துக்கொண்டு திரும்பலாம்” என்றும் சொன்னார். ஓச்சானோமிஸுவின் விலைச் சீட்டுகள் நினைவுக்கு வந்தன.

கழுத்தோடு நான் கொண்டுபோன இன்னொரு பொருள், மடித்த தீப்பெட்டி அட்டை. கழுத்தைக் கழற்றியபோது அடியிலிருந்த குழிக்குள் கிடைத்தது. கழுத்தின் சாய்வைச் சற்று மாற்றுவதற்காகப் பெரியப்பா எழுபதுகளில் செருகியது. நான் அதைக் குப்பை என்று நினைக்கவில்லை. பார்க்கட்டும் என்று கொடுத்தேன். அவர் அதை அளவுமானியில் பிடித்தார். 0.6 மில்லிமீட்டர். தலையை ஆட்டினார். தாமும் அதே தடிமனில்தான் மரச்சீவல் வைத்திருப்பாராம். அட்டையை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, என்னிடம் திருப்பித் தந்தார். திரும்பவும் இதையே வையுங்கள் என்றார். பெரியப்பாவுக்கு எந்த இசைப் பள்ளியும் கொடுக்காத சான்றிதழ் அது.

அடுத்தது பிக்அப். டீஸ்கோவின் பிக்அப்களில் ஒரு வகைக்குத் தங்கத்தாள் போட்ட முகம். ‘கோல்டு ஃபாயில்’ என்று உலகமே இப்போது தேடுகிறது. அமெரிக்கக் கித்தார் மேதை ரை கூடர் தம் ஃபெண்டரில் இந்த மலிவுப் பிக்அப்பைப் பொருத்தி வாசிக்க ஆரம்பித்ததும் விலை எங்கோ போய்விட்டது. உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சில ஆயிரம் சுற்று. தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. பெரியப்பாவின் இரண்டு பிக்அப்களில் ஒன்று ஊமை. மீட்டர் வைத்தால் உயிருள்ள சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும்; இது எதையும் காட்டவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அவர் முனைகளை உருப்பெருக்கியில் தேடினார். அதிர்ஷ்டம் இல்லை. பழைய கம்பியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்றார். காந்தமும் மூடியும் தங்கத்தாளும் பழையவையே இருக்கும்.

அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டார். சுற்றி முடித்ததும் சுருளை மெழுகில் முக்கட்டுமா?

இதை விளக்க வேண்டும். நல்ல பிக்அப்களை உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் நிற்கும். டீஸ்கோவில் அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள். அதனால் இந்தப் பிக்அப்கள் தந்தியை மட்டுமல்ல, அருகில் நடப்பது எல்லாவற்றையும் கேட்கும். விரலால் தட்டினால் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்கு நேராக நின்றால் ‘கீ’ என்று கூவும். கித்தாருக்குள் குனிந்து பேசினால் நம் குரலே ஒலிபெருக்கியில் வரும், தகரக் குழாய் வழியே வருவதுபோல. ஒலி பொறியாளர்கள் இதைக் குறை என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில், கல்யாண மேடையில் மைக் செத்துப்போன இரவில், பெரியப்பா கித்தாரைத் தூக்கி வாயருகே வைத்து, “சாப்பாடு தயார், மாப்பிள்ளை வீட்டார் முதலில் வரவும்” என்று அறிவித்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். எங்கள் வீட்டின் முதல் அறிவிப்பாளர் அவர்தான், நான் இரண்டாவது.

பட்டறையிலிருந்தே ஈப்போவுக்கு அழைத்தேன்.

“மெழுகு ஊத்தினா கூவாதாம் பெரியப்பா. ஆனா, பேசினா கேக்காது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்ப ஊத்த வேணாம்னு சொல்லும்மா. கூவினா நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன்.”

மொழிபெயர்ப்புச் செயலி அதை என்னவாக மாற்றியதோ தெரியாது. பழுதுபார்ப்பவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு நாள் ஊரைச் சுற்றினேன். மட்சுமோத்தோ இசைக்கு வாய்த்த ஊர். குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் சுஸுகி முறை இங்கிருந்துதான் உலகெங்கும் போனது. 1992இல் செய்ஜி ஓசாவா தொடங்கிய இசைவிழா இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் பதாகை உண்டு. கித்தாருக்குக் கோட்டை வாசலில் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. ஏற்றுமதி விலையும் ஏறியது. வேலை கொரியாவுக்கு நகர்ந்தது. மட்சுமோக்கு 1987இல் கதவை மூடியது. ஃபுஜிகென் தாக்குப்பிடித்து இன்றும் கித்தார் செய்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பழம்பொருள் கடையில் ‘ஜங்க்’ என்று எழுதிய நீலப் பெட்டிகளைக் குடைந்தேன். உத்தரவாதம் இல்லாத பொருள்களுக்கு அங்கே அதுதான் பெயர். தலையில்லாத ஒரு கித்தார் உடல் 1,100 யென். பூச்சு உரிந்த ஓரத்தில் செந்நிற மரம் தெரிந்தது.

அந்த மரத்தைப் பற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். லாவான் என்றார். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லாவான் என்று ஜப்பானியர் சொல்வது நம் மெராந்தியின் இனம். அந்தக் காலத்து ஜப்பானின் ஒட்டுப்பலகைத் தொழிலே பிலிப்பைன்ஸிலிருந்தும், பின்னர் சபா, இந்தோனீசியாவிலிருந்தும் போன மரத்தடிகளில் நின்றது. மலிவுக் கித்தார்கள் பலவற்றுக்கும் அதே மரம். நம் காடு கப்பலேறிப் போய், கித்தாராகத் திரும்பி வந்து, தவணைக்கு விற்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவின் கித்தார் எந்த மரம் என்று அறிய, பூச்சைச் சுரண்ட வேண்டும். சுரண்டுவதாக இல்லை.

மூன்றாம் நாள் கழுத்து நேராகியிருந்தது. மெட்டுகளை மாற்றவில்லை, மேடுபள்ளத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தி, ஓரங்களை உருட்டியிருந்தார். உணர்ச்சி குறைந்த விரலுக்கு ஓரம் கீறினால் தெரியாது, புண் ஆறாது என்று நான் சொல்லியிருந்ததால். தந்திகளும் மெல்லிய வகையே போடச் சொன்னார். மொத்தம் 38,000 யென். நம் காசுக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அந்தப் பணத்துக்குப் புதுக் கித்தார் கிடைக்கும். தெரிந்தேதான் கொடுத்தேன். சேகரிப்பாளர்கள் வேறு கணக்குப் போடுவார்கள்: எதையும் தொடாதே, அசலை அப்படியே வை, விலை ஏறும் என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அது சரி. எங்களுக்கு இருப்பது விரல் நுனிகள் ஒத்துழைக்கும் சில வருடங்கள்.

பட்டறையில் ஒரு பழைய டீஸ்கோ ஆம்ப்ளிஃபயரும் விலைக்கு இருந்தது. ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட்டு. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் இசை. மின்மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கித்தாருக்கு இந்தக் கவலை இல்லை.

ஈப்போவில் அலமாரியிலிருந்து உடலை இறக்கி, விசைகளில் துருநீக்கித் திரவம் அடித்து, தீப்பெட்டி அட்டையைக் குழிக்குள் வைத்து, நான்கு திருகாணிகளையும் முறுக்கினோம். உறையில் இருந்த ஜப்பானியத் தேதியைப் பெரியப்பா பேரனுக்குக் காட்டினார். பன்னிரண்டாவது மெட்டில் இப்போது இரண்டு மில்லிமீட்டர்தான். முதலில் அவர் வாசிக்கவில்லை. பிக்அப்பை நகத்தால் இரண்டு முறை தட்டினார். குனிந்து, “ஹலோ, ஹலோ” என்றார். ஒலிபெருக்கியில் 1970களின் தோட்டத்து மேடை பேசியது. பெரியம்மா சமையலறையிலிருந்து, “என்ன, சாப்பாடு தயாரா?” என்று குரல் கொடுத்தார்.

இப்போது மாலையில் இருபது நிமிடம் வாசிக்கிறார். அதற்கு மேல் விரல் தெரியாமல் போகிறதாம். வலப்பக்க நாற்காலிக்கு நகர்ந்தால் கூவல் நிற்கிறது. மூன்றாவது தந்தி மட்டும் சுருதியில் நிற்க மறுக்கிறது. அந்த முறுக்காணி தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் மாற்ற வேண்டும். கழற்றும் பழைய முறுக்காணியை உறையில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும் என்று இப்போதே உத்தரவு வந்திருக்கிறது.